நெகிழ்வது டயரா, தரையா?

1971 ஜூலை 31 அன்று நிலவில் முதன்முதலாக மனிதர்கள் வண்டி ஓட்டினார்கள். அப்பல்லோ 15-ல் போன டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஏறிய அந்த வண்டியின் சக்கரத்தில் ரப்பரும் இல்லை, காற்றும் இல்லை. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகளைப் பின்னி வளைத்த வலைதான் சக்கரம். அதன்மேல் டைட்டானியப் பட்டைகளை அம்புமுனை வடிவில் பதித்திருந்தார்கள். தரையைத் தொடும் பரப்பில் பாதியை மட்டுமே அந்தப் பட்டைகள் மூடின. மறுபாதி வெறும் வலை.

எவ்வளவு மூடுவது, எவ்வளவு திறந்துவிடுவது? பொள்ளாச்சியிலோ கோவில்பட்டியிலோ ஒருவர் தன் பிக்கப்பை டயர் கடையில் நிறுத்தி, "ஆல்-டெரைன் போடலாமா, மட்-டெரைன் போடலாமா?" என்று கேட்கும்போது எழுவதும் இதே கேள்விதான். கடைக்காரர்கள் ஏ.டி., எம்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். எம்.டி. டயரின் முகத்தில் பெரிய ரப்பர்க் கட்டைகள், அவற்றுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு அகன்ற பள்ளங்கள். ஏ.டி. டயரில் கட்டைகள் சிறியவை, நெருக்கமானவை. ஒவ்வொரு கட்டையிலும் மெல்லிய கீற்றுகள் வெட்டியிருக்கும். ஐரோப்பிய வண்டி விதிமுறையில், தொழில்முறைக் காட்டுப்பாதை டயர் என்று ஒரு டயரை வகைப்படுத்தச் சில அளவுகள் உண்டு. பள்ளத்தின் ஆழம் குறைந்தது 11 மில்லிமீட்டர், முகப்பரப்பில் வெற்றிடம் குறைந்தது 35 சதவீதம், வேக வரம்பு மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வெற்றிடமே ஒரு டயரின் குணத்தைத் தீர்மானிக்கும் என்பதை இந்த வரையறை ஒப்புக்கொள்கிறது.

ஏன் அப்படி என்று விளங்க, முதலில் தார்ச்சாலைக்கு வருவோம். 2 டன் எடையுள்ள பிக்கப்பில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சுமார் 500 கிலோ. டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ அழுத்தம். ஐந்நூறை இரண்டரையால் வகுத்தால் 200 சதுர சென்டிமீட்டர். டயர் சாலையைத் தொடும் இடம் அவ்வளவுதான், விரல்களைச் சேர்த்து விரித்த ஓர் உள்ளங்கை. பிரேக் பிடிப்பதும் திருப்பத்தில் வண்டியைத் தாங்குவதும் இப்படி நான்கு உள்ளங்கைகள்தான். அதில் பாதியைப் பள்ளத்துக்குக் கொடுத்துவிட்டால் தாரைத் தொடும் ரப்பர் பாதியாகிவிடுகிறது.

தார்ச்சாலை நெகிழாது. அதில் பதிந்திருக்கும் ஜல்லியின் முனைகள் டயருக்காக இடம் கொடுப்பதில்லை. நெகிழ வேண்டியது ரப்பர். ஒவ்வொரு முனையின் மேலும் ரப்பர் வழிந்து இறங்கி, அடுத்த கணம் விடுபட்டு மேலெழுகிறது. ஆனால் ரப்பர் அமுங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி உள்ளேயே வெப்பமாகிப் போகிறது. பிடிமானத்தின் பெரும்பங்கு அந்த இழப்பிலிருந்துதான் வருகிறது. கே. ஏ. கிராஷ் என்ற ஆய்வாளர் 1963-ல் இதைச் சோதனையில் காட்டினார். வேகத்தையும் வெப்பத்தையும் மாற்றி மாற்றி ரப்பரை இழுத்துப் பார்த்து, உராய்வு ஏறி இறங்குவது ரப்பரின் உள் இழப்போடு சேர்ந்தே நடக்கிறது என்று நிறுவினார்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உள் இழப்பு அதிகமானால் டயர் உருளும்போதும் ஆற்றல் வீணாகும், டீசல் கூடுதலாகச் செலவாகும். பிடிமானமும் சிக்கனமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நடக்கும் அசைவுகள். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ரப்பர் ஒருமுறை அமுங்கி விடுபடுகிறது, நொடிக்குப் பத்து முறை என்று வைத்துக்கொள்ளலாம். சாலையின் பொடி முனைகளில் வழுக்கும்போது அதே ரப்பர் நொடிக்குப் பல ஆயிரம் முறை, அதற்கு மேலும், அதிர்கிறது. மெதுவான அசைவில் குறைவாகவும் விரைவான அசைவில் நிறையவும் இழக்கும் ரப்பர் கிடைத்தால் இரண்டும் கைகூடும். 1992-ல் மிஷெலின் நிறுவனம் கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைக் கலந்து அப்படி ஒரு டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மணலின் வேதிப்பொருள் ரப்பரில் கலந்து ஈரச் சாலையில் பிடிக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

எம்.டி. டயரின் ரப்பர் வேறு கவலையோடு பிறக்கிறது. கூரான பாறை கட்டையைக் கடித்துத் துண்டு எடுத்துவிடக் கூடாது. அதுதான் அதன் முதல் கவலை. இங்கே இயற்கை ரப்பருக்கு ஒரு வரம் வாய்த்திருக்கிறது. அதை இழுத்து நீட்டினால் ஒழுங்கற்றுக் கிடந்த மூலக்கூற்றுச் சங்கிலிகள் வரிசைப்பட்டுப் படிகமாகின்றன. 1925-ல் ஜே. ஆர். காட்ஸ் எக்ஸ் கதிர் கொண்டு இதைக் கண்டார். கிழிசல் ஒன்று தொடங்கும்போது அதன் முனையில்தான் இழுவிசை உச்சத்தில் இருக்கும். அந்த முனையிலேயே படிகம் உருவாகிக் கிழிசலைத் தடுத்துவிடுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் பால்வெட்டி எடுக்கும் ரப்பருக்கு இந்தக் குணம் உண்டு. கனரக டயர்களிலும் பாறைமேல் ஓடும் டயர்களிலும் இயற்கை ரப்பர் தாராளமாகச் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மழை பெய்யட்டும். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ வண்டி இறங்கி வருகிறது. பள்ளம் அகலமாக இருந்தால் தண்ணீர் எளிதாக வெளியேறும், ஆகவே எம்.டி. மழைக்கு நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். தேங்கிக் கிடக்கும் ஆழமான நீரைப் பொறுத்தவரை அது உண்மைதான்; அங்கே எம்.டி. மோசமில்லை. ஆபத்து வேறிடத்தில். தூறல் விழுந்த தாரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று பரவுகிறது. முதல் மழையானால் சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் அதில் கலந்திருக்கும். அந்தப் படலத்தை உடைத்து உலர்ந்த கல்லைத் தொடுவதற்கு அகன்ற பள்ளம் உதவாது. கட்டையின் முகத்தில் நெருக்கமாக வெட்டிய மெல்லிய கீற்றுகள்தான் உதவும். ஒவ்வொரு கீற்றின் விளிம்பும் நீரை வழித்துத் தள்ளுகிறது. ஏ.டி. டயரில் அவை நிறைய, எம்.டி.யில் குறைவு. கீற்று வெட்டினால் கட்டை தளர்ந்து பாறையில் பிய்ந்துபோகும் என்பதால் வடிவமைப்பாளர் அங்கே கஞ்சத்தனம் காட்டுகிறார். போதாததற்கு, உயரமான கட்டைகள் பிரேக் பிடிக்கும்போது சாய்கின்றன. சாய்ந்த கட்டை முழு முகத்தையும் தரையில் பதிக்காது.

நாள்தோறும் ஓட்டும் வண்டிக்கு டயர் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் நினைப்பது இந்த ஈரமான வளைவைத்தான். சேற்றில் மாட்டினால் நேரம் போகும். யாராவது டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிடுவார்கள். ஈரத் தாரில் 5 மீட்டர் தள்ளி நின்றால் போவது உயிர்.

சத்தமும் ஒரு பொருட்டுதான். 265/65 ஆர் 17 என்பது பிக்கப்களில் சகஜமாகக் காணும் அளவு. அதன் சுற்றளவு ஏறக்குறைய 2.44 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் நொடிக்கு 9 சுற்று சுற்றும். ஒரு வரிசையில் 40 கட்டைகள் இருந்தால் நொடிக்கு 360 முறைக்கு மேல் சாலையை அறையும். எல்லாக் கட்டைகளும் ஒரே நீளமாக இருந்தால் அது இடைவிடாத ஒரே சுருதியாகக் காதைத் துளைக்கும். அதனால்தான் கட்டைகளின் நீளத்தை வேண்டுமென்றே ஏற்ற இறக்கமாக அமைக்கிறார்கள். ஆற்றல் பல சுருதிகளில் சிதறி வெறும் இரைச்சலாக மங்கும். புது டயரை உற்றுப் பாருங்கள், பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் ஒரே அளவில் இருக்காது. எம்.டி.யிலும் இதைச் செய்கிறார்கள். ஆனால் கட்டை பெரிது, ஒவ்வோர் அறையும் பலமானது, பள்ளத்தில் அடைபட்டு வெளியேறும் காற்றும் அதிகம். கட்டைகள் ஒருபக்கம் சாய்வாகத் தேயத் தேயச் சத்தம் இன்னும் கூடும். டயர்களை முன்பின் மாற்றிப் போட்டு ஓட்டினால் அது தள்ளிப்போகும்.

தாரை விட்டு இறங்கினால் கதை தலைகீழ். இங்கே நெகிழ்வது தரை. பிடிமானத்தின் எல்லையை மண்ணின் வலிமை நிர்ணயிக்கிறது. மண் எப்போது பிளந்து நழுவும் என்ற கணக்கை 1773-லேயே கூலூம் எழுதிவிட்டார், பள்ளிப் பாடத்தில் மின்னூட்ட விதிக்காக நாம் அறிந்த அதே கூலூம். மண்ணின் வலிமைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு என்றார். ஒன்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பிணைப்பு. மற்றது, துகள்களுக்கிடையிலான உராய்வு. மேலே எடை ஏற ஏற இது கூடும். காய்ந்த மணலில் பிணைப்பே கிடையாது, உராய்வு மட்டும்தான். நீர் ஊறிய களிமண்ணில் உராய்வு ஏறக்குறைய இல்லை, பிணைப்பு மட்டும்தான். ஆகவே மணலுக்கு ஏற்ற டயரும் களிமண்ணுக்கு ஏற்ற டயரும் ஒன்றாக இருக்க முடியாது. இரண்டையும் "ஆஃப்-ரோடு" என்ற ஒரே பெயரில் விற்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. இந்தக் கணக்கைச் சக்கரத்தின்மேல் பொருத்தித் தனி அறிவியலாக வளர்த்தவர் போலந்தில் பிறந்த பொறியாளர் எம். ஜி. பெக்கர். 1956-ல் வந்த அவருடைய நூல் தரைவழி ஊர்தி இயலுக்கு அடித்தளம். நிலவு வண்டியின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு.

சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் எம்.டி. டயரோடு இறங்கி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ன ஆகும்? கட்டைகள் மண்வெட்டியின் வேலையைச் செய்யும். சக்கரம் தனக்குக் கீழே குழி தோண்டிக்கொள்ளும். மணலில் வேண்டியது கடிப்பது அல்ல, மிதப்பது. பரப்பைக் கூட்டினால்தான் மிதக்க முடியும். அதற்குப் புது டயர் வேண்டாம், காற்றை இறக்கினால் போதும். 35-லிருந்து 18-க்கு இறக்கினால் அந்த 200 சதுர சென்டிமீட்டர், கணக்கின்படி ஏறத்தாழ இரட்டிப்பாகும். பக்கச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மையில் சற்றுக் குறையும். ஆனால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். தொடும் பரப்பு அகலத்தில் அதிகம் விரிவதில்லை, நீளத்தில்தான் நீள்கிறது. நீண்ட தடம் மணலுக்கு மிகவும் உகந்தது. பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்டு 1920-களின் கடைசியிலும் 1930-களிலும் சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைக் கடந்தது இந்த உத்தியோடுதான். மணல்மேடுகள் எப்படி உருவாகின்றன என்று 1941-ல் அவர் எழுதிய நூலை இன்றும் செவ்வாய்க் கிரகத்து மணலை ஆராய்பவர்கள் புரட்டுகிறார்கள்.

காற்றை இறக்கியவர் தாருக்கு ஏறும் முன் மறுபடி பிடித்தாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் பக்கச் சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறி வெடிக்கும். இது பலருக்கும் தெரியும். மழையில் இன்னொன்றும் உண்டு. நாசா ஆய்வாளர் வால்டர் ஹோர்ன் 1960-களில் விமான டயர்களை வைத்து ஒரு விதியைக் கண்டறிந்தார். தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு எழுந்து நீர்மேல் வழுக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பள்ளம் தேய்ந்துபோன டயருக்கு இதைப் பொருத்தினால் 35 பி.எஸ்.ஐ.யில் மணிக்கு 98 கிலோமீட்டர், 18 பி.எஸ்.ஐ.யில் வெறும் 70. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னக் கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் கிடக்கட்டும். காட்டுப்பாதைக்கு வாங்கும் பொருள்களில் அதற்கு நான் முதலிடம் தருவேன், எம்.டி. டயருக்கு அல்ல.

அப்படியானால் எம்.டி. எதற்கு? கரிசலுக்கு.

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கறுப்பு மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் மிகுதி. ஒரு நானோமீட்டர் பருமனே உள்ள ஏடுகள் அடுக்கடுக்காக அமைந்த கனிமம் அது. ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்ததும் மண் உப்பும். கோடையில் நீர் போனதும் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் அந்த வண்டிப்பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும்: பத்தடி வைப்பதற்குள் செருப்பு ஒரு பிடி மண்ணைச் சேர்த்துக்கொண்டு தூக்க முடியாமல் கனக்கும். ஏ.டி. டயருக்கும் அங்கே அதே கதிதான். சில சுற்றுகளிலேயே நெருக்கமான பள்ளங்களில் மண் அப்பி நிறைந்துவிடும். பள்ளம் நிறைந்துவிட்டால் பிறகு அது மொட்டை டயர்தான். சேற்றின்மேல் சேறு வழுக்கும்.

எம்.டி.யின் அகன்ற பள்ளம் அங்கேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது. பள்ளம் மண்ணை வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை, சுழலும்போது அதை உதறியும் விடுகிறது. சக்கரத்தின் மேற்பரப்பு மணிக்கு 18 கிலோமீட்டரில் சுழன்றால் அதில் ஒட்டிய மண்மேல் செயல்படும் மையவிலக்கு விசை, மண்ணின் எடையைப் போல் ஆறு மடங்குக்கு மேல். வேகத்தை 36 ஆக்கினால் 25 மடங்கைத் தாண்டும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. பழகிய ஓட்டுநர் சேற்றில் ஒரு நொடி ஆக்ஸிலேட்டரைத் தட்டிச் சக்கரத்தைச் சுழற்றுவது பள்ளத்தைக் கழுவத்தான். உதறியதும் வெறுமையான பள்ளம் புதிய மண்ணைக் கடிக்கிறது. பிணைப்பு மட்டுமே உள்ள களிமண்ணில், கட்டைகளுக்கு நடுவே எவ்வளவு மண்ணைக் கவ்விப் பிடிக்க முடிகிறதோ அவ்வளவு இழுவிசை.

டிராக்டரின் பின் டயரை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் வடிவம் தெளிவாகிவிடும். தொளியடிக்கும் டிராக்டர் நடக்கும் வேகத்தில் ஊர்கிறது. அந்த வேகத்தில் மையவிலக்கு விசை மண்ணின் எடைக்குப் பக்கத்தில்கூட வராது. உதறுவது நடக்காத காரியம். ஆகவே கட்டைகளைச் சாய்வாக வைத்து, இடைவெளியை மிக அகலமாக விட்டு, மண் பிதுங்கி ஓரமாக வெளியேற வழி செய்திருக்கிறார்கள். அதுவும் போதாத ஆழச் சேற்றில் இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறார்கள். அதில் ஏறக்குறைய எல்லாமே வெற்றிடம். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறக் கூடாது என்பது ஊரறிந்த விஷயம். அது சாலையைக் கிழித்துவிடும். மொட்டை டயருக்கும் கேஜ் வீலுக்கும் நடுவே நீளும் ஒரே கோட்டில்தான் ஹைவே டயர், ஏ.டி., எம்.டி. மூன்றும் வரிசையாக நிற்கின்றன.

செம்மண், சரளை, தேயிலைத் தோட்டத்துக் கல்பாதை, வாய்க்கால் கரை: நம் ஊரில் தாரை விட்டு இறங்கும் பெரும்பாலான வழிகள் இவைதான். இவற்றில் மண் வந்தாலும் உதிர்ந்துவிடும், அடியில் கெட்டித் தரை இருக்கும். ஏ.டி. தாராளமாகப் போதும். 1976-ல் பி.எஃப். குட்ரிச் தன் ஆல்-டெரைன் ரேடியலை அறிமுகம் செய்தபோது மனத்தில் வைத்திருந்ததும் இத்தகைய வண்டிகள்தான், வாரம் முழுக்கச் சாலையில் ஓடி வார இறுதியில் பாலைவனத்துக்குள் போகும் அமெரிக்கப் பிக்கப்கள். பக்கச் சுவரில் மலையும் பனித்துகளும் வரைந்த முத்திரை இருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பனியில் சோதித்ததற்கான சான்று அது, நமக்குப் பயனில்லை. நான்கு இலக்கத் தேதிக் குறியை மட்டும் மறக்காமல் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. அலமாரியிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும். அதை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டயர் மாற்றும்போது பலர் அளவையும் ஒரு படி ஏற்றிவிடுகிறார்கள். 265/65-க்குப் பதில் 265/70 போட்டால் விட்டம் 26 மில்லிமீட்டருக்கு மேல் கூடும், அதாவது ஏறக்குறைய மூன்றரை சதவீதம். ஸ்பீடோமீட்டர் துல்லியமானதாக இருந்தால், அது 100 காட்டும்போது வண்டி 103-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். பெரிய டயர் கனமானது. சுழலும் எடையைக் கிளப்பவும் நிறுத்தவும் இன்ஜினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். கம்பெனி சொன்ன அளவிலேயே நிற்பது நல்லது.

எம்.டி. போட்ட வண்டியின் கம்பீரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தத் தோற்றத்துக்காகவே ஆசைப்படும் இளைஞர்களின் ஆசை நியாயமானது. ஆனால் குழந்தைகளைப் பள்ளியில் விடவும் சந்தைக்குச் சரக்கு ஏற்றவும் ஓடும் வண்டிக்கு என் தேர்வு ஏ.டி.தான். இதில் எனக்குத் தயக்கமில்லை. தார்ச்சாலைக்கும் தன் நிலத்துக்கும் நடுவே 2 கிலோமீட்டர் கரிசல் கிடக்கிற விவசாயிக்கு மட்டும் வேறு யோசனை சொல்வேன். பழைய ரிம் நான்கு வாங்கி, அவற்றில் எம்.டி. டயர்களை மாட்டித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் மாற்றி, தை பிறந்ததும் கழற்றிவிடலாம். ஜாக்கி இருந்தால் ஒரு மணி நேர வேலை. மழை மாதங்களில் அந்த வண்டியோடு நெடுஞ்சாலைக்கு வந்தால் முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக இடைவெளி விடுங்கள். வளைவுக்கு முன்பே, சக்கரம் நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.